காதில் குறும்பி, கோளாறு நரம்பில்: இசைக்கவை காட்டிக்கொடுத்த ஒரு நிகழ்வு

51 வயதுப் பெண். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையில் விற்பனையாளர். பல ஆண்டுகளாக நீரிழிவு. மெட்ஃபார்மின் மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. வலது காது ஐந்து நாளாக அடைத்திருக்கிறது என்று ஒரு வியாழக்கிழமை மாலை எங்கள் கிளினிக்குக்கு வந்தார். காதுக்குள் குறும்பி இருந்தது. அடைப்புக்கு அதுதான் காரணம் என்று அவரும் வீட்டாரும் நம்பினார்கள், அதற்கு முன் பார்த்த மருத்துவரும் நம்பினார். நம்பும்படியாகத்தான் இருந்தது. தட்டினால் நொடிக்கு 512 முறை அதிர்ந்து ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவை, அதாவது 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றை நெற்றியில் வைத்தவுடன் அந்த நம்பிக்கை உடைந்தது. அவருக்கு வந்திருந்தது உள்காதில் திடீரென ஏற்படும் கேட்புக் குறைபாடு. அதற்குச் சில நாட்களுக்குள் மருத்துவம் தொடங்கியாக வேண்டும்.

நோயாளியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். காது அடைப்பு என்று வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சளி, குறும்பி, தண்ணீர் போன்ற சாதாரணக் காரணம்தான் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் மட்டும் அவசர நோயாளி. அவரும் மற்றவர்களைப் போலவே ‘காது அடைச்சிருக்கு’ என்றுதான் சொல்வார். அவரைப் பிரித்தெடுக்கும் வழி சில பத்து வெள்ளி விலையுள்ள ஓர் உலோகக் கவையில் இருக்கிறது. அது பல மேசைகளில் இழுப்பறையிலேயே கிடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

எப்படித் தொடங்கியது

ஒரு வாரமாக இலேசான சளி. ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தபோது வலது காதில் பஞ்சை அடைத்து வைத்தது மாதிரி இருந்திருக்கிறது. கூடவே ‘ஙொய்’ என்று விடாத இரைச்சல். படுக்கையில் திரும்பியபோது தலை கொஞ்சம் சுற்றி, ஒரு மணி நேரத்துக்குள் நின்றுவிட்டது. அன்று திருச்சியிலிருந்து தங்கை போனில் பேசினார். வலது காதில் வைத்தபோது லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தியிருக்கிறார். இடது காதுக்கு மாற்றியதும் தங்கையின் குரல் தெளிவாகக் கேட்டது.

இந்தப் போன் விஷயத்தை அவராகச் சொல்லவில்லை. ‘போன் எந்தக் காதுல வச்சுப் பேசுறீங்க அக்கா?’ என்று கேட்டபோதுதான் வந்தது. காது அடைப்பு என்று வருகிற எவரிடமும் இதைக் கேட்பேன். அடைப்பு உணர்வு மட்டும்தானா, கேட்பே போய்விட்டதா என்பது இந்த ஒரு பதிலில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அன்றிரவு மாமியார் பூண்டு தட்டிப் போட்ட நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காதில் விட்டார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் காட்டினார். குறும்பி இருக்கிறது, இளகுவதற்குச் சொட்டு மருந்து விடுங்கள், அடுத்த வாரம் வந்தால் எடுத்துவிடலாம் என்று அனுப்பினார்கள். கேட்புச் சோதனை எதுவும் செய்யவில்லை. குறும்பியைப் பார்த்ததில் தப்பில்லை, அது உண்மையிலேயே இருந்தது. ஆனால் பார்வைக்குத் தட்டுப்பட்ட ஒன்றை, அது கண்ணில் பட்டது என்பதற்காகவே காரணமாக ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றாது.

புதன்கிழமை கடையில் வலப்பக்கம் நின்ற வாடிக்கையாளர் இரண்டு முறை கூப்பிட்டும் இவர் திரும்பவில்லை; முதலாளி முகம் சுளித்திருக்கிறார். மாலையில் பஃபலோ ரோட்டைக் கடக்கும்போது ஹார்ன் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே புரியாமல் நடுவில் நின்றுவிட்டார். ஒலி வரும் திசையைக் கண்டுபிடிக்க மூளைக்கு இரண்டு காதும் வேண்டும். அந்தப் பயம்தான் அவரை மறுநாள் எங்களிடம் கொண்டுவந்தது.

காதில் வலி இல்லை, சீழ் இல்லை. முகம் கோணவில்லை. கை கால் மரத்துப்போகவில்லை, பேச்சு குழறவில்லை. புதிய மருந்து எதுவும் சாப்பிடவில்லை. இரைச்சல் மிகுந்த இடத்தில் வேலை பார்த்ததும் இல்லை.

பரிசோதனை

இடது காது சுத்தமாக இருந்தது; செவிப்பறை பளபளப்பாகத் தெரிந்தது. வலது காதுக்குள் எண்ணெய் ஊறிய பழுப்பு நிறக் குறும்பி, குழாயின் முக்கால் பங்கை அடைத்திருந்தது. மேல் ஓரத்தில் செவிப்பறையின் ஒரு கீற்றுத் தெரிந்தது. சிவப்போ வீக்கமோ இல்லை. இடது காதின் முன்மடலைத் தேய்த்து, அதில் வேறெதுவும் கேட்காதபடி மறைத்துவிட்டு வலப்பக்கம் கிசுகிசுத்த குரலில் சில எண்களைச் சொன்னேன். ஒன்றைக்கூடத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. குறும்பி முழுதாகவே அடைத்திருந்தாலும் கேட்பு இவ்வளவு குறைவது அபூர்வம்.

இசைக்கவையை எடுத்ததும், ‘இது காலுக்கு வைக்கிற கம்பிதானே டாக்டர்?’ என்றார். நீரிழிவுக்காரர்களின் வருடாந்திரக் கால் பரிசோதனையில் பெருவிரல் எலும்பில் கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பது உண்டு, அந்த நினைவு. அது 128 ஹெர்ட்ஸ் கவை, பெரியது, கனமானது. காதுக்கு அது உதவாது. அவ்வளவு தாழ்ந்த அதிர்வைக் காது கேட்பதற்கு முன் தோலும் எலும்பும் உணர்ந்துவிடும். நோயாளி அந்த உணர்வையே ‘கேக்குது’ என்று சொல்லிவிடுவார். 256-இலும் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு. 1024 சீக்கிரம் அடங்கிவிடும். அதனால்தான் காதுக்கு 512. இதைப் பலர் கவனிப்பதில்லை. கையில் கிடைத்த கவையை வைத்துவிட்டு, விடை குழம்பினால் நோயாளியைக் குறை சொல்கிறார்கள்.

கவையை மேசையில் தட்டக் கூடாது. கடினமான பரப்பில் தட்டினால் அடிப்படை ஒலியோடு மேல் ஒலிகளும் கிளம்பும். முழங்கை அல்லது முழங்கால் மூட்டில் மிதமாகத் தட்டினால் போதும்.

முதலில் வெபர் சோதனை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உடலியல் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் 1834இல் விவரித்த நிகழ்வு இதற்கு அடிப்படை. அதிரும் கவையின் அடிக்காம்பை நெற்றி நடுவில், முடி தொடங்கும் இடத்தில் அழுத்தி வைத்து, ‘சத்தம் எங்க கேக்குது? வலப்பக்கமா, இடப்பக்கமா, நடுவுலயா? எங்க கேக்கணும்னு யோசிக்காதீங்க, கேக்கிற இடத்தைக் காட்டுங்க’ என்றேன். தயங்காமல் இடது காதைத் தொட்டார். மேல் முன்பற்களில் வைத்து மறுபடி செய்தேன். பற்களில் வைத்தால் ஒலி இன்னும் நன்றாகக் கடத்தப்படும். மறுபடியும் இடது.

இந்த விடைக்கு என்ன பொருள் என்பதை இதைப் படிக்கிறவர்கள் இப்போதே தம் தலையில் செய்து பார்க்கலாம். ஒரு காதை விரலால் இறுக்கமாக அடைத்துக்கொண்டு, வாயை மூடியபடி ‘ம்ம்ம்’ என்று நீளமாக முனகுங்கள். முனகல் அடைத்த காதுக்குப் போகும். திறந்த காதைவிட அடைத்த காதில்தான் உரக்கக் கேட்கும். வெளிச் சத்தம் அந்தக் காதுக்குள் நுழைந்து போட்டி போடுவதில்லை. எலும்பு வழியாக உள்ளே வந்த ஒலியும் வெளியே தப்பிப் போக முடியாமல் குழாய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. குறும்பி, நடுக்காதில் நீர், செவிப்பறையில் ஓட்டை, காதின் சின்ன எலும்புகள் இறுகிப்போவது எல்லாமே கிட்டத்தட்ட இதே விளைவைத் தரும். அதாவது, கடத்தும் பாதையில் கோளாறு என்றால் நெற்றியில் வைத்த கவையின் ஒலி கேட்காத காதின் பக்கம் சாயும். உள்காதிலோ நரம்பிலோ கோளாறு என்றால் நல்ல காதின் பக்கம் சாயும்.

இவருக்கு அடைத்திருந்தது வலது. ஒலி போனது இடது. குறும்பி காரணமாக இருந்திருந்தால் அவர் வலது காதைத் தொட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை வைத்த கண்ணி

அடுத்தது ரின்னே சோதனை. ஹைன்ரிக் அடால்ஃப் ரின்னே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1855இல் எழுதியது. கவையின் காம்பைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பு மேட்டில் வைக்க வேண்டும். பிறகு அதிரும் முனைகளைக் காதுத் துளைக்கு நேரே, சுமார் 2 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். எது உரக்கக் கேட்கிறது? ஒழுங்கான காதில் காற்று வழியேதான் உரக்கக் கேட்கும். நரம்புக் கோளாறிலும் அப்படித்தான், இரண்டுமே குறைந்திருந்தாலும் வரிசை மாறாது. கடத்தும் பாதை அடைபட்டால்தான் வரிசை புரண்டு, எலும்பு முந்தும்.

இடது காதில் காற்றுதான் உரக்க இருந்தது. சரி. வலது காதுக்கு வந்தேன். ‘பின்னாடி வைக்கும்போதுதான் கேக்குது டாக்டர். முன்னாடி ஒன்னுமில்ல’ என்றார்.

பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவருக்கு இந்த இடத்தில் கால் இடறும். எலும்பு காற்றை முந்துகிறது, அப்படியென்றால் கடத்தல் கோளாறு, அப்படியென்றால் குறும்பி. செவ்வாய்க்கிழமை சொல்லப்பட்ட காரணமே உறுதியாகிவிட்டது போல இருக்கும். ஆனால் வெபர் நேர் எதிராகச் சொல்லியிருந்தது. வலது காதில் கேட்பை இந்த அளவுக்குக் கெடுக்கும் கடத்தல் கோளாறு மட்டும் இருந்தால் ஒலி இடது பக்கம் போகவே வழியில்லை. இரண்டு விடைகள் மோதும்போது வசதியானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. இந்த மோதலே ஒரு தகவல்.

மறுபடியும் கவையை வலது காதின் பின்னால் வைத்து, இந்த முறை கேள்வியை மாற்றினேன்: ‘இப்ப கேக்கிற சத்தம் எந்தக் காதுல கேக்குது?’ கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு இடது காதைக் காட்டினார். காட்டியதும் அவருக்கே வியப்பு. ‘வைக்கிறது இங்க, கேக்கிறது அங்கயா?’

கிளினிக் உதவியாளர் இடது காதின் முன்பக்கத்துச் சிறு மடலைத் துளையின் மேல் அழுத்தி வேகமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் காதுக்குள் சரசரவென்று சத்தம் நிறைந்திருக்கும், வேறெதுவும் எளிதில் கேட்காது. இப்போது வலது எலும்பு மேட்டில் கவை. ‘ஒன்னுமே கேக்கல. அதிர்றது மட்டும் தெரியுது.’ காதின் முன்னால் பிடித்தபோதும் ஒன்றும் கேட்கவில்லை.

காரணம் இதுதான். காற்று வழியே ஒரு காதுக்கு வரும் ஒலி தலையைத் தாண்டி மறு காதை எட்டுவதற்குள் நன்றாகத் தேய்ந்துவிடும். காதுமேல் ஹெட்ஃபோன் வைத்துச் செய்யும் சோதனையில் அந்தத் தேய்மானம் 40 டெசிபலுக்கு மேல். எலும்பு வழியே வைத்த ஒலிக்கு அந்தத் தடை ஏறக்குறைய இல்லவே இல்லை. மண்டையோட்டில் எங்கே வைத்தாலும் இரண்டு உள்காதுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே வலது உள்காது செயலிழந்திருந்தபோது, அதன் பின்னால் வைத்த கவைக்குப் பதில் சொன்னது இடது உள்காது. வெளியிலிருந்து பார்த்தால் ‘எலும்பு முந்துகிறது’ என்ற தோற்றம் மட்டும் கிடைத்தது. எலும்பு முந்தினால் அதை எதிர்மறை ரின்னே என்பார்கள்; இதைத்தான் பொய் எதிர்மறை ரின்னே என்கிறோம். ஒரு பக்கக் காது முற்றிலும் போன எவரிடமும் இதை எதிர்பார்க்க வேண்டும். வெபர் இல்லாமல் ரின்னே மட்டும் செய்கிறவர் இங்கே ஏமாறுவார். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இதைவிட நல்ல நிகழ்வு எனக்குக் கிடைக்காது.

குறும்பியை அன்று நான் தொடவில்லை. எடுத்திருந்தாலும் கேட்பு திரும்பியிருக்காது. கழுவும்போது தலைசுற்றல் வந்தால் நோயின் தலைசுற்றலா, தண்ணீரால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போயிருக்கும்.

அனுப்பிய கடிதம்

இங்கே சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணருக்காகக் காத்திருப்பது வழக்கம். அவசரமில்லாத காது, மூக்கு, தொண்டைப் பிரச்சினைகளுக்கு அந்தக் காத்திருப்பு வாரக்கணக்கில் போகலாம். ‘காது அடைப்பு, குறும்பி, பார்க்கவும்’ என்று எழுதினால் அந்த வரிசையில்தான் போய் நிற்கும். நான் எழுதிய கடிதத்தின் முதல் பகுதி இது:

‘வலது காதில் திடீர் கேட்பிழப்பு, 5ஆம் நாள். வெபர் இடப்பக்கம் சாய்கிறது. வலது ரின்னேயில் எலும்பு முந்துவதாகத் தோன்றினாலும், இடது காதை மறைத்தபோது இரண்டிலும் ஒலி இல்லை. குறும்பி உண்டு, காரணம் அதுவல்ல என்று கருதுகிறேன். நீரிழிவு உண்டு.’

கையோடு அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த காது மூக்குத் தொண்டை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து இதையே படித்துக் காட்டினேன். ‘நாளைக் காலையில் அனுப்புங்கள், முதலில் ஆடியோகிராம் எடுத்துவிடுகிறோம்’ என்றார். ஒவ்வொரு அலைவரிசையிலும் காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியை டெசிபலில் அளக்கும் சோதனை அது; எண் கூடினால் கேட்பு குறைவு. வெபர் முடிவைச் சொன்னதும் அவர் வேறு கேள்வியே கேட்கவில்லை.

மருத்துவமனையில்

நுண்ணோக்கியின் கீழ் குறும்பியை உறிஞ்சி எடுத்தார்கள். செவிப்பறை முழுதாகவும் இயல்பாகவும் இருந்தது. கேட்பில் எந்த மாற்றமும் இல்லை.

ஆடியோகிராமில் இடது காது எல்லா அலைவரிசைகளிலும் 25 டெசிபலுக்குள். வலது காது 250 ஹெர்ட்ஸில் 75, 500இல் 80, 1000இல் 85, 2000இலும் 4000இலும் 90. சொற்களை அடையாளம் காணும் திறன் 20 விழுக்காட்டுக்கும் கீழே. அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளிலாவது 30 டெசிபலோ அதற்கு மேலோ 72 மணி நேரத்துக்குள் குறைந்தால் அது திடீர் உள்காதுக் கேட்பிழப்பு என்பது பொதுவான வரையறை. இவருடைய குறைவு அந்த எல்லையை வெகுவாகத் தாண்டியிருந்தது.

ஏன் இப்படி வருகிறது என்று பெரும்பாலான நோயாளிகளிடம் கண்டுபிடிக்க முடிவதில்லை. வைரஸ், உள்காதுக்குப் போகும் நுண்ணிய இரத்த ஓட்டத்தில் தடை என்றெல்லாம் கருதப்படுகிறது. ஒரு சிறு பங்கினருக்குக் கேட்பு நரம்பில் வளரும் கட்டி காரணமாக இருக்கும் என்பதால் எம்ஆர்ஐ எடுப்பது முறை. இவருடைய எம்ஆர்ஐயில் கட்டி இல்லை.

ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 60 மில்லிகிராம், தினமும் காலையில், ஒரு வாரம். பிறகு படிப்படியாகக் குறைப்பு. ஸ்டீராய்டு எந்த அளவு உதவுகிறது என்பதில் ஆதாரம் இரும்புபோல் உறுதியானது என்று சொல்ல மாட்டேன்; தானாகவே ஓரளவு தேறுகிறவர்களும் கணிசமாக உண்டு. ஆனால் வேறு நல்ல வழி இல்லை, அதற்கான காலமும் குறுகியது. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை அகாடமி 2019இல் புதுப்பித்த வழிகாட்டி, தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு தரலாம் என்கிறது. முழுதாகத் தேறாதவர்களுக்கு 2 முதல் 6 வாரத்துக்குள் செவிப்பறை வழியே நடுக்காதில் ஸ்டீராய்டு ஊசி தரச் சொல்கிறது. முதல் சந்திப்பிலேயே கடத்தல் கோளாறா, நரம்புக் கோளாறா என்று பிரித்துவிட வேண்டும் என்பதையும் அது தொடக்கத்திலேயே வைத்திருக்கிறது. ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற சொல் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது இந்தக் கால அளவுகளைப் பார்த்தாலே புரியும்.

நீரிழிவு இருக்கும்போது இது எளிய மருத்துவமல்ல. மூன்றாம் நாள் பிற்பகல் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 17 மில்லிமோலைத் தொட்டது. காலையில் போடும் ப்ரெட்னிசலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமலே போகும். காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரை சேர்த்தோம், மதியமும் மாலையும் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னோம். காலைத் தேநீரைப் பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கொசோங்’காக மாற்றிக்கொண்டார், சோற்றைக் குறைத்தார். ஸ்டீராய்டு குறையக் குறைய அந்த மாத்திரையையும் குறைத்து நிறுத்தினோம். நம் ஆட்களில் சர்க்கரை நோய் இவ்வளவு பரவலாக இருக்கும்போது, ‘ஸ்டீராய்டா, வேண்டாம்’ என்று நோயாளியோ மருத்துவரோ பின்வாங்குவது இயல்பு. பின்வாங்க வேண்டியதில்லை. தினமும் கவனித்தால் போதும். சர்க்கரை மிகவும் கட்டுமீறி இருப்பவர்களுக்கு முதலிலிருந்தே நடுக்காது ஊசி என்ற வழியும் இருக்கிறது.

மாத்திரை முடிந்தபோது 500 ஹெர்ட்ஸ் 80இலிருந்து 65க்குத்தான் வந்திருந்தது. அதன் பிறகு நடுக்காதில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி நான்கு முறை. மூன்றாம் மாத ஆடியோகிராமில் 250இல் 35, 500இல் 40, 1000இல் 50, 2000இல் 65, 4000இல் 75. சொல் அடையாளம் 68 விழுக்காடு. தாழ்ந்த ஒலிகள் பெருமளவு திரும்பின, உயர்ந்த ஒலிகள் திரும்பவில்லை. இரைச்சல் குறைந்தது, நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில் மறுபடியும் கவையை வைத்துப் பார்த்தேன். வெபர் இன்னமும் இடது. ஆனால் இடது காதை மறைத்துவிட்டு வலது ரின்னே செய்தபோது, காதின் முன்னால்தான் உரக்கக் கேட்கிறது என்றார். கேட்பு தேறத் தேற ரின்னே தன் உண்மையான முகத்தைக் காட்டியது. முதல் நாள் அது சொன்னது பொய் என்பதற்கு இது இன்னொரு சான்று.

வலது காதில் இப்போது கேட்புக் கருவி அணிகிறார். கடையில் வாடிக்கையாளர்கள் தம் இடப்பக்கம் இருக்கும்படி கவுன்டரின் மறு முனைக்கு மாறிக்கொண்டார். முதலாளியிடம் விவரத்தை விளக்கி ஒரு கடிதம் கொடுத்தோம். அது மருந்தைவிடக் குறைந்த உதவி அல்ல.

ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தால் முழுதாகத் திரும்பியிருக்குமா என்று அவர் கேட்டார். இழப்பு கடுமையாக இருப்பது, தலைசுற்றல் சேர்ந்து வருவது, வயது, தாமதம் ஆகிய நான்கும் தேறுதலைப் பாதிக்கின்றன. முதல் இரண்டும் இவருக்குத் தொடக்கத்திலேயே இருந்தன. எனவே உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அவற்றில் நம்மால் மாற்ற முடிந்திருக்கக்கூடியது தாமதம் ஒன்றுதான்.

கவை எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

1711இல் ஆங்கிலேய அரசவை இசைக்கலைஞர் ஜான் ஷோர் வாத்தியத்தைச் சுருதி சேர்க்க உருவாக்கிய கருவி இது. மின்சாரம் தேவையில்லை, பழுதாவதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் ஆடியோகிராமின் இடத்தை இது பிடிக்காது. ரின்னே புரள்வதற்குக் காற்றுக்கும் எலும்புக்கும் இடையே 20 முதல் 30 டெசிபல் வித்தியாசமாவது வேண்டும். அதற்குக் குறைந்த கடத்தல் கோளாறை அது தவறவிடும். வெபர் கூர்மையானது, 5 டெசிபல் வித்தியாசத்திலேயே சாயக்கூடும். ஆனால் இரண்டு காதும் ஒரே அளவில் குறைந்திருந்தால் நடுவிலேயே நிற்கும்.

இதனால்தான் முதியோரிடம் கவை பெரிதாக உதவாது. வயதால் வரும் குறைபாடு பெரும்பாலும் இரு காதிலும் சமமாக, உயர்ந்த ஒலிகளில் தொடங்குகிறது. வெபர் நடுவில், ரின்னேயில் காற்று முந்தும், எல்லாம் இயல்பு என்று தோன்றும். வீட்டில் தொலைக்காட்சிச் சத்தமோ தெருவரைக்கும் கேட்கும். அவர்களுக்குப் புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன் போன்ற முதியோர் பரிசோதனையும் ஆடியோகிராமும்தான் வழி. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் இரும்போடு இரும்பு மோதும் இடத்தில் வேலை பார்க்கும் நம் தம்பிமார்களுக்கும் இதே நிலைதான். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது சிங்கப்பூரில் இரைச்சலுக்கான எல்லை. அதைத் தாண்டிய இரைச்சல் முதலில் கெடுப்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தை. 512 ஹெர்ட்ஸ் கவைக்கு அது தெரியவே தெரியாது. ‘கம்பி வச்சுப் பார்த்தாங்க, காது நல்லாருக்குன்னாங்க’ என்று ஒருவர் சொன்னால் அதை நம்பி விடக் கூடாது.

வெபர் கேட்காத காதின் பக்கம் சாய்ந்துவிட்டால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. வளர்ந்த ஒருவருக்குச் சளி இல்லாமல் ஒரு காதில் மட்டும் நீர் கோத்து வாரக்கணக்கில் வற்றவில்லை என்றால், மூக்கின் பின்புறத் தொண்டையைக் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வரும் புற்றுநோய் தென்சீன வம்சாவளியினரிடம் அதிகம் என்பதால் இங்குள்ள மருத்துவர்கள் அதை மறப்பதில்லை. தமிழர்களுக்கு அந்த ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்றல்ல.

கேள்வி கேட்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். கடத்தல் கோளாறு உள்ளவர்கள் கேட்காத காதில் உரக்கக் கேட்பதை உணர்ந்தாலும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். ‘கேக்காத காதுல கேக்குதுன்னு சொன்னா டாக்டர் என்ன நினைப்பார்?’ பெரியவர்கள் சிலர், ‘நீங்க சொன்னா சரிதான்’ என்று நம் முகத்தையே பார்ப்பார்கள். அரைகுறையாகப் புரிந்த ஆங்கிலத்தில் கேட்டால் இன்னும் மோசம். அதிர்வை ஒலி என்று சொல்லிவிடுவார்கள். நான் முதலில் கவையை அவர்கள் கைமுட்டியில் வைத்து, ‘இது அதிர்றது, இதைக் கேக்கல’ என்று காட்டிவிட்டுத்தான் நெற்றிக்குப் போவேன். குறிப்பேட்டில் நேர்மறை, எதிர்மறை என்று எழுதுவதைவிட ‘காற்று முந்துகிறது’, ‘எலும்பு முந்துகிறது’ என்று எழுதுவது நல்லது. ரின்னேயில் நேர்மறை என்பது நல்ல விடை. இரத்தப் பரிசோதனைகளில் பழகிய கண் அதைத் தலைகீழாகப் படித்துவிடும்.

கோவிட் காலத்துக்குப் பிறகு வீடியோ வழி ஆலோசனை பெருகிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் கவையை நீட்ட முடியாது. அப்போது நான் நோயாளியை முனகச் சொல்கிறேன். ஒரு காது அடைத்தவர் ‘ம்ம்ம்’ என்றதும் அடைத்த காதில் உரக்கக் கேட்டால் குறும்பியோ சளியோ இருக்க வாய்ப்பு அதிகம். சொட்டு மருந்தோடு ஓரிரு நாளில் நேரில் வரச் சொல்லலாம். நல்ல காதில் உரக்கக் கேட்டால், அல்லது எங்கே கேட்கிறது என்று அவரால் சொல்லவே முடியாவிட்டால், அன்றே யாராவது ஒருவர் கவையோடு நேரில் பார்க்க வேண்டும். முகம் கோணல், பேச்சுக் குழறல், நிற்க முடியாத தலைசுற்றல் சேர்ந்திருந்தால் கவைக்கும் காத்திராமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும்.